விமானம் தன் இடத்தை எப்படி அறிகிறது, தரை அதை எப்படிப் பார்க்கிறது

"விமானத்தில் ரேடார் உண்டா? இருட்டிலும் மேகத்துக்குள்ளும் விமானி எப்படி வழி தெரிந்து ஓட்டுகிறார்? ஜிபிஎஸ் வந்துவிட்ட பிறகு மற்ற கருவிகள் எல்லாம் எதற்கு?" இதுதான் கேள்வி.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "நான் எங்கே இருக்கிறேன்?" என்பது விமானியின் கேள்வி. "அந்த விமானம் எங்கே இருக்கிறது?" என்பது தரையில் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டாளரின் கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்பவை விமானத்துக்குள் இருக்கும் வழிகாட்டும் கருவிகள். இரண்டாவதற்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாலும் ரேடார். சினிமாவில் விமானி ஒரு பச்சை வட்டத்திரையைப் பார்த்துப் பார்த்து வழி கண்டுபிடிப்பார். பயணிகள் விமானத்தில் அப்படி ஒன்று கிடையாது. விமானத்திலும் ரேடார் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் வேலை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தரை ரேடார். ஆன்டெனா ஒரு ரேடியோத் துடிப்பை அனுப்புகிறது. அது விமானத்தின் உடலில் பட்டு நாலா பக்கமும் சிதறுகிறது. அதில் துளியூண்டு திரும்பி வருகிறது. போய்வர எடுத்த நேரத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடும். ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போவதால் கணக்கெல்லாம் மைக்ரோ செகண்டில்தான். எதிரொலி வர ஒரு மைக்ரோ செகண்ட் ஆனால் பொருள் 150 மீட்டர் தள்ளி இருக்கிறது. வான்வெளியில் தூரத்தைக் கடல்மைலில் சொல்வது வழக்கம். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். அந்தத் தூரம் போய்வர 12.36 மைக்ரோ செகண்ட். ரேடார் வேலையில் இருப்பவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்வார்கள். திசைக்குத் தனிக் கணக்கு வேண்டாம்: எதிரொலி வந்தபோது ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததோ அதுதான் திசை.

1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தின் டாவென்ட்ரி அருகே ராபர்ட் வாட்சன்-வாட்டும் ஆர்னால்டு வில்கின்ஸும் இதைச் சோதித்தபோது அவர்களிடம் சொந்தமாக ஒரு டிரான்ஸ்மிட்டர்கூட இல்லை. பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பு ஒரு குண்டுவீச்சு விமானத்தில் பட்டுத் திரும்புவதை ரிசீவரில் பிடித்துக் காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்துக் கரையோரம் முழுக்க ரேடார் கோபுரங்கள் எழுந்துவிட்டன.

இந்த முறைக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. போகும்போது அலை விரிந்து மெலிகிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வலு குறையும். திரும்பி வரும்போது மறுபடியும் அதே மெலிவு. இரண்டும் சேர்ந்தால் தூரத்தின் நான்காம் அடுக்கு. எட்டும் தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் சக்தியை 16 மடங்கு ஏற்ற வேண்டும். ரேடாரில் சிக்காத போர் விமானம் செய்பவர்களுக்கும் இதே கணக்குதான் தலைவலி, எதிர்ப்பக்கத்திலிருந்து. எதிரொலியைப் பாடுபட்டு 16-இல் ஒரு பங்காக்கினாலும் கண்டுபிடிக்கும் தூரம் பாதிதான் குறையும். அதனால்தான் பத்து இருபது மடங்கு குறைத்துவிட்டோம் என்று அவர்களால் நிறுத்திக்கொள்ள முடிவதில்லை.

இன்னொன்று, புள்ளி எப்போதும் கொஞ்சம் பழையது. விமான நிலையத்தைச் சுற்றிப் பார்க்கும் ரேடார் நான்கைந்து நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்றும். நெடுந்தூர ரேடாருக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி ஆகும். உயரத்தில் போகும் ஜெட் நிமிடத்துக்குச் சுமார் 8 கடல்மைல் நகர்கிறது. அடுத்த சுற்று வருவதற்குள் அது ஒன்றரைக் கடல்மைல் தள்ளிப் போயிருக்கும். அப்புறம், திரையில் தெரிவது வெறும் புள்ளி. அது எந்த விமானம், எந்த உயரத்தில் போகிறது என்று அந்தப் புள்ளி சொல்லாது. மலை, கட்டடம், பறவைக் கூட்டம், மழை எல்லாம் கூடவே புள்ளி வைக்கும். நகராத புள்ளிகளை டாப்ளர் முறையில், அதாவது நகரும் பொருளின் எதிரொலியில் அலைவெண் மாறுவதை வைத்து, வடிகட்டிவிடலாம். பறவைக் கூட்டத்தை வடிகட்டுவது அவ்வளவு சுலபமில்லை.

இதனால்தான் இரண்டாம் நிலை ரேடார் வந்தது. பெயரில் ரேடார் இருந்தாலும் இது உண்மையில் கேள்வி-பதில் ஏற்பாடு. தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் ஒரு கேள்வி போகும். விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற பெட்டி 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்பும். கேள்வி என்ன என்பது துடிப்புகளின் இடைவெளியிலேயே இருக்கிறது: இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 8 மைக்ரோ செகண்ட் என்றால் "உன் எண் என்ன?", 21 மைக்ரோ செகண்ட் என்றால் "உன் உயரம் என்ன?" பதில், விமானத்தின் சொந்த டிரான்ஸ்மிட்டரிலிருந்து புதிதாகக் கிளம்புவதால் நான்காம் அடுக்குத் தொல்லை இங்கே இல்லை. குறைந்த சக்தியில் 200 கடல்மைலுக்கு மேல் வேலை நடக்கும்.

அந்த எண் நான்கு இலக்கம். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரைதான். 8, 9 கிடையாது. ஆக மொத்தம் 4096 எண்கள். கட்டுப்பாட்டாளர் ஓர் எண்ணைச் சொல்வார், விமானி அதை டிரான்ஸ்பாண்டரில் வைப்பார், உடனே திரையில் புள்ளிக்குப் பக்கத்தில் விமானத்தின் பெயரும் உயரமும் வந்துவிடும். மூன்று எண்கள் உலகம் முழுக்கப் பொது: 7500 என்றால் கடத்தல், 7600 என்றால் ரேடியோ செத்துவிட்டது, 7700 என்றால் பொதுவான அவசரநிலை. எண்ணை மாற்றும்போது தப்பித் தவறியும் இந்த மூன்றின் வழியாகப் போய்விடக் கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். குமிழைத் திருகும் அந்த ஒரு நொடிக்குள் 7500 போய்விட்டால் அப்புறம் விளக்கம் சொல்லி மாளாது. 4096 எண்கள் போதாமல் போனதால் பின்னால் வந்த மோட்-எஸ் முறையில் ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் நிரந்தர முகவரி கொடுத்தார்கள். அதில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேல் இடம் இருக்கிறது.

விமானம் பதில் சொன்னால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். 2014 மார்ச் 8 அன்று மலேசிய விமானம் எம்எச்370 விஷயத்தில் நடந்தது இதுதான். டிரான்ஸ்பாண்டர் பதில் நின்றதும் வான்போக்குவரத்துத் திரையிலிருந்து விமானம் மறைந்துவிட்டது. ஆனால் விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது. பதில் எதிர்பார்க்காமல் எதிரொலியை மட்டும் பார்க்கும் ராணுவத்தின் முதல் நிலை ரேடாரில் அது திரும்பி மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தது பதிவாகியிருந்தது. "ரேடாரிலிருந்து மறைந்தது" என்று செய்தியில் படிக்கும்போது எந்த ரேடாரிலிருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஏடிஎஸ்-பி என்ற புதிய முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. இதில் யாரும் கேள்வியே கேட்க வேண்டியதில்லை. விமானம் தன் ஜிபிஎஸ் கணக்கிட்ட இடத்தை, அதே 1090 மெகாஹெர்ட்ஸில், நொடிக்குச் சுமார் இரண்டு முறை தானாகவே அறிவித்துக்கொண்டு போகும். கேட்க ஒரு சின்ன ரிசீவரும் மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனாவும் போதும். சுழலும் பெரிய ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் இங்கே தரை எதையும் அளப்பதில்லை, விமானம் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. விமானத்தின் ஜிபிஎஸ் தப்பு சொன்னால் தரையும் அதே தப்பைத்தான் பார்க்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, விமானத்தில் இருக்கும் ரேடார்.

மூக்கு நுனியில் இருப்பது வானிலை ரேடார். சுமார் 3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்யும் இது, மழைத்துளியிலிருந்து எதிரொலி வாங்குவதற்காகவே வைத்தது. எதிரே வரும் விமானத்தைக் காட்டுவது இதன் வேலையே இல்லை. லேசான மழை பச்சை, அடுத்து மஞ்சள், கனமழை சிவப்பு. கொந்தளிப்பை மெஜந்தா நிறத்தில் காட்டும் வசதியும் இப்போதைய ரேடார்களில் உண்டு. எதிரொலியின் வலு, துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 2 மில்லிமீட்டர்த் துளி ஒன்று, 1 மில்லிமீட்டர்த் துளிகள் 64 கொடுக்கும் எதிரொலியைக் கொடுத்துவிடும். கனத்த துளிகளை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க பலத்த மேல்நோக்கிய காற்று வேண்டும். அதனால்தான் சிவப்பைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். மழைக்குப் பயந்து இல்லை, அந்தக் காற்றுக்குப் பயந்து.

காய்ந்த பனிப்படிகங்கள் எதிரொலி கொடுப்பதில் மகா கஞ்சம். இடிமேகத்தின் தலை 40,000 அடியில் இருந்தாலும் அந்த உயரத்தில் பனிதான் இருக்கும், ரேடாருக்கு அது ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாது. நீர் நிறைந்த வயிற்றுப் பகுதி கீழே இருக்கிறது. ஆகவே 35,000 அடியில் போகும் விமானி ஆன்டெனாவைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு சாய்ப்பது என்பதில்தான் சூட்சுமம். கற்றையின் அகலம் 3 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 100 கடல்மைல் தொலைவில் அது 5 கடல்மைல், அதாவது சுமார் 30,000 அடி உயரத்துக்கு விரிந்திருக்கும். கொஞ்சம் அதிகமாகச் சாய்த்தால் திரை முழுக்கத் தரையின் எதிரொலி. குறைவாகச் சாய்த்தால் மேகத்தின் தலைக்கு மேலே வெறும் வெளி. இப்போதைய ரேடார்கள் பல கோணங்களில் தாமாகவே பார்த்துத் தரையைக் கழித்துப் படம் வரைந்துவிடுகின்றன. கையால் சாய்த்துப் பழகிய மூத்த விமானிகள் இன்னமும் அவ்வப்போது தானியங்கியை அணைத்துவிட்டு ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் செய்வது சரி என்றே நினைக்கிறேன்.

இதைவிட ஆபத்தான பொய் ஒன்றையும் இந்த ரேடார் சொல்லும். முன்னால் இருக்கும் மழை மிகக் கனமாக இருந்தால் அலை அதற்குள்ளேயே கரைந்துபோகும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவர அலை மிச்சம் இருக்காது. திரையில் அந்த இடம் கறுப்பாக, காலியாகத் தெரியும். 1977 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் மேலே சதர்ன் ஏர்வேஸ் 242 என்ற டிசி-9 விமானம் கடுமையான இடிமழைக்குள் நுழைந்தது. திரையில் வழி இருப்பதாகத் தெரிந்த பக்கம் உண்மையில் புயலின் மிக மோசமான பகுதி. மழையும் ஆலங்கட்டியும் புகுந்து இரண்டு எஞ்சின்களும் நின்றன. கடைசியில் விமானம் ஒரு சாலையில் இறங்க முயன்று நொறுங்கியது. சிவப்புக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பள்ளம் தெரிந்தால் அது வழி அல்ல, ரேடார் குருடான இடம் என்று இன்று ஒவ்வொரு பயிற்சியிலும் அடித்துச் சொல்கிறார்கள்.

இந்த ரேடாரை மூடியிருக்கும் மூக்குக் கூம்பு உலோகம் அல்ல. உலோகமாக இருந்தால் அலை வெளியே போகாது. கண்ணாடியிழையில் தேனடை அமைப்போடு செய்தது. அதன் மேல் மூக்கு நுனியிலிருந்து பின்னோக்கி ஓடும் மெல்லிய பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். மின்னல் தாக்கினால் அதை உடற்பகுதிக்குக் கடத்திவிட அவை. பறவை மோதியோ ஆலங்கட்டி பட்டோ கூம்பில் மயிரிழை விரிசல் விழுந்து தேனடைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் ரேடார் அந்தப் பக்கம் மந்தமாகிவிடும். பெட்டியைப் பிரித்து மேய்ந்து பிழை தேடுவதற்கு முன் கூம்பின் ஈரத்தைச் சோதிப்பது பராமரிப்புக் கொட்டகையில் நல்ல பழக்கம்.

வயிற்றுப் பகுதியில் இன்னொரு சின்ன ரேடார் உண்டு: ரேடியோ உயரமானி. 4200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையைக் கீழே அனுப்பித் தரைக்கு உள்ள நேரடி உயரத்தை அளக்கும். சுமார் 2500 அடிக்குக் கீழே வந்தால்தான் இதற்கு வேலை. தரையிறங்கும்போது விமானி அறையில் "ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி" என்று எண்ணும் குரல் இதை வைத்துத்தான். பெட்டி சின்னது, ஆனால் பல கருவிகள் அதன் பேச்சைக் கேட்டு நடக்கின்றன. 2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமில் இறங்கிக்கொண்டிருந்த துருக்கிய விமானம் 1951-இல் இடதுபக்க ரேடியோ உயரமானி மைனஸ் 8 அடி என்று காட்டியது. அப்போது விமானம் ஏறக்குறைய 2000 அடியில் இருந்தது. தரை வந்துவிட்டது என்று நம்பித் தானியங்கி விசைக் கட்டுப்பாடு எஞ்சின்களின் வேகத்தைக் குறைத்துவிட்டது. வேகம் சரிவதை விமானிகள் கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. 9 பேர் இறந்தார்கள்.

எதிரே வரும் விமானத்தைக் கண்டுபிடிப்பது டிகாஸ் என்ற மோதல் தடுப்புக் கருவி. இதுவும் ரேடார் இல்லை. தரை நிலையம் கேட்கும் அதே கேள்வியை இந்தப் பெட்டி பக்கத்து விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களிடம் கேட்கிறது. பதில் வந்த நேரத்தை வைத்துத் தூரம், பதிலுக்குள்ளேயே உயரம். மோதும் வாய்ப்பு இருந்தால் முதலில் எச்சரிக்கை. நெருங்கிவிட்டால் "ஏறு" அல்லது "இறங்கு" என்ற கட்டளை. இரண்டு விமானங்களின் பெட்டிகளும் தமக்குள் பேசி ஒன்று ஏற, மற்றது இறங்க முடிவெடுக்கும். இடம் வலம் திரும்பச் சொல்லாது, ஏனென்றால் அதன் ஆன்டெனா திசையைத் துல்லியமாக அளக்கும் அளவுக்கு நல்லதில்லை. 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் நெருங்கின. ரஷ்ய விமானத்துக்கு டிகாஸ் "ஏறு" என்றது. தரைக் கட்டுப்பாட்டாளர் "இறங்கு" என்றார். ரஷ்ய விமானிகள் மனிதர் சொன்னதைக் கேட்டு இறங்கினார்கள். சரக்கு விமானம் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் மோதி 71 பேர் இறந்தார்கள். டிகாஸும் கட்டுப்பாட்டாளரும் முரண்பட்டால் டிகாஸ் சொல்வதையே கேட்க வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டது.

இனி முதல் கேள்வி: விமானிக்குத் தன் இடம் எப்படித் தெரிகிறது?

எனக்கு இதில் மிகவும் பிடித்த கருவி ஜடத்துவ வழிகாட்டி. வெளியிலிருந்து எந்தச் சிக்னலும் வாங்காமல் இடம் சொல்வது இது ஒன்றுதான். கண்ணைக் கட்டிக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்து, பின்னுக்கு இழுப்பதையும் பக்கவாட்டில் சாய்வதையும் வைத்து எங்கே வந்திருக்கிறோம் என்று கணக்குப் போடுவதுதான் இதன் வேலை, ஆனால் பயங்கரத் துல்லியத்தோடு. முடுக்கமானிகள் வேக மாற்றத்தை அளக்கின்றன. அதை நேரத்தோடு ஒருமுறை கூட்டிக்கொண்டே போனால் வேகம், மறுமுறை கூட்டினால் தூரம். எந்தப் பக்கம் என்பதை லேசர் கைரோக்கள் சொல்லும்: ஒரு மூடிய பாதையில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு லேசர் ஒளிகளில், பெட்டி திரும்பும்போது ஏற்படும் வித்தியாசத்தை அவை அளக்கின்றன.

புறப்படுவதற்கு முன் இந்தப் பெட்டியைத் தயார் செய்வதைப் பார்க்க வேண்டும். விமானம் அசையாமல் நிற்க வேண்டும். பத்து நிமிடம் போல ஆகும். அந்த நேரத்தில் கைரோக்கள் பூமியின் சுழற்சியையே உணர்கின்றன, மணிக்கு 15 டிகிரி. சுழற்சியின் அச்சு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் உண்மையான வடக்கு கிடைத்துவிடும், காந்தமுள் தேவையில்லை. அந்த அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதிலிருந்து அட்சரேகையும் தானாகத் தெரியும். தீர்க்கரேகையை மட்டும் அதனால் கண்டுபிடிக்க முடியாது, அதை நாம்தான் கொடுக்க வேண்டும். நாம் அட்சரேகையைத் தப்பாகத் தட்டினால் "நான் உணர்வது வேறு" என்று பெட்டி முரண்டு பிடிக்கும். தீர்க்கரேகையைத் தப்பாகத் தட்டினால் அப்படிக் காட்டிக்கொடுக்க அதற்கு வழியில்லை. துருவத்துக்கு அருகே போகப் போகச் சுழற்சி அச்சு ஏறக்குறைய நேர் மேலே நிற்பதால் வடக்கைக் கண்டுபிடிக்க நேரம் கூடும். பறக்கத் தொடங்கிய பிறகு சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து மணிக்கு ஒன்றிரண்டு கடல்மைல் வரை இடம் நழுவலாம். பெருங்கடலைக் கடக்க இது போதும். ஓடுபாதையைக் கண்டுபிடிக்கப் போதாது.

அந்த நழுவலைத் திருத்தத் தரையில் நிலையங்கள் உண்டு. விஓஆர் என்ற நிலையம் இரண்டு 30 ஹெர்ட்ஸ் சிக்னல்களை அனுப்புகிறது. ஒன்று எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி. மற்றது திசைக்குத் திசை கட்டம் மாறும், அதாவது அதன் ஏற்ற இறக்கம் முன்பின் தள்ளிப் போகும். இரண்டின் வித்தியாசத்தை அளந்தால் நிலையத்திலிருந்து எத்தனையாவது டிகிரியில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். தூரத்துக்கு டிஎம்இ என்ற தூரமானி. இதில் கேள்வி கேட்பது விமானம், பதில் சொல்வது தரை. தரை நிலையம் வேண்டுமென்றே 50 மைக்ரோ செகண்ட் காத்திருந்து பதில் அனுப்பும், விமானம் அதைக் கழித்துக்கொள்ளும். டிஎம்இ காட்டுவது சாய்வுத் தூரம் என்பது புதிதாகப் படிப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். 36,000 அடியில் நிலையத்தின் உச்சந்தலைக்கு மேலே போகும்போதும் அது பூஜ்யம் காட்டாது, 6 கடல்மைல் காட்டும். அந்த உயரமே அவ்வளவுதானே.

தரையிறங்கும்போது ஐஎல்எஸ் என்ற தரையிறங்கு வழிகாட்டி. ஓடுபாதையின் மறுமுனையில் இருக்கும் ஆன்டெனா, நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் 90 ஹெர்ட்ஸ் பண்பேற்றமும் (ரேடியோ அலையின் மேல் ஏற்றிய சிக்னல்) மறுபக்கம் 150 ஹெர்ட்ஸும் தூக்கலாக இருக்கும்படி அனுப்புகிறது. இரண்டும் சமமாகக் கேட்டால் நடுக்கோட்டில் வருகிறீர்கள். இதே தந்திரத்தை மேலும் கீழுமாகச் செய்தால் 3 டிகிரி இறங்குபாதை. மூடுபனியில் ஓடுபாதை கண்ணில் படாமலே விமானம் தானாக இறங்கும் வசதி இதன் மேல்தான் நிற்கிறது. அந்த நேரங்களில் ஆன்டெனாவுக்கு முன்னால் வண்டிகளையும் மற்ற விமானங்களையும் விடமாட்டார்கள். உலோகம் குறுக்கே வந்தால் கற்றை வளைந்துவிடும். பனிநாளில் விமானங்கள் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம். இறங்குபவற்றுக்கு இடையே அதிக இடைவெளி விட வேண்டியிருக்கிறது.

ஜிபிஎஸ் பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை அறிவிக்கின்றன. சிக்னல் வந்து சேர எடுத்த நேரம் தூரமாகிறது. கடிகாரத்தில் ஒரு மைக்ரோ செகண்ட் பிசகு 300 மீட்டர்ப் பிழை. ரிசீவரின் கடிகாரம் அவ்வளவு நல்லதில்லை என்பதால் இடத்தின் மூன்று அளவுகளோடு நேரத்தையும் சேர்த்து நான்கு விடைகள் கண்டுபிடிக்க வேண்டும். எனவே நான்கு செயற்கைக்கோள்கள். ஐந்தாவது கிடைத்தால் ஏதோ ஒன்று தப்பு என்று தெரியும். ஆறாவது இருந்தால் எது தப்பு என்றும் தெரியும். கைபேசிக்கு இது தேவைப்படாது, விமானத்துக்குத் தேவை. 1983-இல் வழி தவறிய கொரிய விமானம் 007-ஐ சோவியத் படை சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்த பிறகுதான், ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜிபிஎஸ்ஸைப் பொதுப் பயன்பாட்டுக்கும் தருவோம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. வேண்டுமென்றே அதில் புகுத்தியிருந்த பிழையை நீக்கியது 2000 மே மாதத்தில்.

இவை எல்லாவற்றையும் ஒரு கணினி வாங்கி, எதை எவ்வளவு நம்புவது என்று எடைபோட்டு, ஒற்றை இடமாக விமானிக்குக் காட்டுகிறது. ஜிபிஎஸ் சரியாக இருக்கும்வரை அதன் பேச்சுக்கே முதலிடம். அது போனால் இரண்டு டிஎம்இ நிலையங்கள், அதுவும் இல்லையென்றால் ஜடத்துவம். இடம் துல்லியமாகத் தெரிந்தாலும் போகச் சொன்ன இடம் தப்பானால் ஒன்றும் செய்வதற்கில்லை. 1995 டிசம்பர் 20 இரவு கொலம்பியாவின் காலி நகரில் இறங்க வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965-இல் விமானிகள் ரோசோ என்ற நிலையத்துக்குப் போக 'ஆர்' என்ற எழுத்தைத் தட்டினார்கள். வரைபடத்தில் ரோசோவின் அடையாள எழுத்து அதுதான். கணினியின் பட்டியலிலோ 'ஆர்' என்றால் தலைநகர் போகோட்டா அருகே இருந்த ரோமியோ நிலையம். விமானம் சொன்னபடி கேட்டு இடதுபக்கம் மலைகளை நோக்கித் திரும்பியது. 159 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் கருவிகள் அத்தனையும் ஒழுங்காகவே வேலை செய்தன.

இப்போது கேள்வியின் கடைசிப் பகுதி. ஜிபிஎஸ் இருக்கும்போது மற்றவை எதற்கு? தரையை வந்து சேரும்போது ஜிபிஎஸ் சிக்னல் மிக மிக மெலிந்திருக்கும். அதே அலைவரிசையில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் கத்தினால் அமுங்கிவிடும். சும்மா அமுக்குவதைவிட மோசமானது போலிச் சிக்னல். ரிசீவர் தப்பான இடத்தை நம்பிக்கையோடு காட்டும், கடிகாரம் குதிக்கும், 35,000 அடியில் "மலை, மேலே ஏறு" என்று தரை எச்சரிக்கைக் கருவி அலறும். 2023 செப்டம்பரிலிருந்து மேற்காசியாவுக்கு மேலே பறந்த விமானங்கள் இப்படி அடிக்கடி அறிவித்திருக்கின்றன. சிலவற்றில் போலி இடம் ஜடத்துவக் கணக்கையும் திருத்திக் கெடுத்துவிட்டது. கடைசிவரை கைகொடுக்க வேண்டிய கருவி அது என்பதால்தான் இந்தச் செய்தி துறையில் பலரை உலுக்கியது. 2024-இல் ஃபின்ஏர் நிறுவனம் எஸ்தோனியாவின் டார்ட்டு நகருக்கான சேவையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. அந்த விமான நிலையத்தில் இறங்க அப்போது அவர்களுக்கு இருந்த வழி ஜிபிஎஸ்ஸை நம்பியது, அங்கே ஜிபிஎஸ் தொந்தரவு ஓயவில்லை. விஓஆர் நிலையங்களைச் செலவு மிச்சம் என்று மூடிக்கொண்டு வந்த நாடுகளும் ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கையை விட்டுவைத்திருப்பது இந்த மாதிரி நாளுக்காகத்தான்.

கைபேசிச் செயலியில் விமானங்களைப் பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு துணைக் கேள்வி எழும்: நடுக்கடலில் விமானம் ஏன் காணாமல் போகிறது? செயலிகள் பெரும்பாலும் தரையில் ஆர்வலர்கள் வைத்திருக்கும் ஏடிஎஸ்-பி ரிசீவர்களை நம்பியிருக்கின்றன. 35,000 அடியில் போகும் விமானம் பூமியின் வளைவுக்கு மேலே தெரிவது சுமார் 230 கடல்மைல் வரைதான். அதற்கு அப்பால் கேட்க ஆளில்லை. செயலி கடைசியாகத் தெரிந்த வேகத்தையும் திசையையும் வைத்து ஒரு கோட்டை நீட்டிக்கொண்டிருக்கும். தரை ரேடாருக்கும் இதே எல்லைதான், ஆகவே பெருங்கடலின் நடுவே கட்டுப்பாட்டாளரின் ரேடார் திரையும் காலி. அங்கே விமானம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வழியாகத் தன் இடத்தை அனுப்பும், அல்லது விமானி சிற்றலை ரேடியோவில் சொல்வார். 2019 முதல் இரிடியம் செயற்கைக்கோள்களில் பொருத்திய ரிசீவர்கள் ஏடிஎஸ்-பி அறிவிப்புகளை மேலிருந்தே கேட்கின்றன. வட அட்லாண்டிக்கில் கட்டுப்பாட்டாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். செயலியில் விமானம் திடீரென்று நூறு மைல் தாண்டிக் குதித்தாலோ, ஒரே இடத்தில் வட்டமடிப்பதாகக் காட்டினாலோ பதற வேண்டாம்: மேலே சொன்ன போலிச் சிக்னலை வாங்கிக்கொண்டு அந்த விமானம் ஏடிஎஸ்-பியில் தப்பான இடத்தை அறிவித்துக்கொண்டிருக்கலாம். கட்டுப்பாட்டாளருக்கு அருகில் சுழலும் ரேடார் இருந்தால், அவர் அதன் சரியான இடத்தைத் தனியாக அளந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.